விமரிசையா, படாடோபமா?

"நிறுத்துங்கய்யா! யார் வீட்டு வாசல்ல வந்து ஊதறீங்க?"

மஹ்காம் வாத்தியார் கதவைத் திறந்துகொண்டு பனியனோடு தெருவுக்கு ஓடி வந்து கத்தினார். வெயில் இன்னும் மல்பெரி மரத்தடிக்கு வரவில்லை. ஆளை விட உயரமான பித்தளைக் கர்னாய்களை வானத்துக்குத் தூக்கிப் பிடித்து மூன்று பேர் கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருந்தார்கள். மர்கிலான் ஊரில் அந்தச் சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான். இந்த வீட்டில் விசேஷம், காதில் விழுந்தவர்கள் எல்லாரும் காலைப் புலாவுக்கு வரலாம்.

"கல்யாண மாப்பிள்ளை எங்க வாத்தியாரே?" என்றான் மூவரில் மூத்தவனான ஜுமா, வாயைத் துடைத்துக்கொண்டு.

"மாப்பிள்ளையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல! வீடு மாறி வந்துட்டீங்க!"

இதை அவர் ஜுமாவைப் பார்த்துச் சொல்லவில்லை. தெருவின் இரண்டு கோடிக்கும் கேட்கிற மாதிரி, இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை திரும்பிச் சொன்னார். தூக்கத்திலிருந்து எழுந்து வந்தவர் மாதிரி பனியன் போட்டிருந்தார், சரி. ஆனால் தலையில் புதுத் தொப்பி இருந்தது. தாடி வாரியிருந்தது. முற்றத்தில் தண்ணீர் தெளித்த ஈரம் இன்னும் காயவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுவோமே. கர்னாய்க்காரர்களை வரச் சொன்னதே மஹ்காம் வாத்தியார்தான்.

பாவம், மனுஷன் வேறு என்ன செய்வார்? விசேஷங்களில் வெட்டிப் பகட்டு கூடாது என்று மேலிடத்து உத்தரவு வந்தபோது, தெருவைக் கவனிக்கிற மஹல்லாப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். எது பகட்டு, எது பகட்டில்லை என்று யார் சொல்வது? மொழிப்பாடம் நடத்தி ஓய்வு பெற்ற மஹ்காம்தான் சரியான ஆள் என்றார் மஹல்லாத் தலைவர் எர்காஷ். அன்றிலிருந்து எந்த வீட்டு விசேஷமானாலும் வாத்தியார் போக வேண்டும். மறுநாள் தேநீர்க்கடையில் எர்காஷ், "என்ன சொல்?" என்று கேட்பார். வாத்தியார் ஒரே ஒரு சொல் சொல்வார்.

முறை தவறாமல் நிறைவாக நடந்திருந்தால் 'விமரிசை'. சனம் கூடிச் சந்தோஷப்பட்டிருந்தால் 'கோலாகலம்'. தேவைக்கு மேலே போயிருந்தால் 'ஆடம்பரம்'. இல்லாததை இருப்பதாகக் காட்டியிருந்தால் 'படாடோபம்'. இந்தக் கடைசிச் சொல் விழுந்துவிட்டால் தாடிக்காரப் பெரியவர்கள் எல்லாரும் கூட்டமாக அந்த வீட்டுக்குப் போய், கொடுக்கிற டீயைக் குடித்துக்கொண்டே திட்டிவிட்டு வருவார்கள்.

வாத்தியார் யாரையும் புண்படுத்த நினைத்ததில்லை. சரியான இடத்தில் சரியான சொல்லைப் போட்டார், அவ்வளவுதான். அடுத்த வீட்டு சனோபரின் மகள் கல்யாணத்துக்கு வெள்ளைக் குதிரை பூட்டிய வண்டி வந்தது. வண்டி வாடகை, குதிரை வாடகை, குதிரை தலையில் இருந்த இறகு கூட வாடகை. 'படாடோபம்' என்றார். அதற்குப் பிறகு சனோபர் அவரைப் பார்த்தால் சலாம் சொல்வாள், அதோடு சரி.

இப்போது எந்த விருந்துக்குப் போனாலும் அவர் உள்ளே நுழைந்ததும் பாட்டுக்காரன் குரலைத் தணிப்பான். யாராவது இரண்டாவது கேக்கை மேஜைக்கு அடியில் தள்ளுவார்கள். அவருக்குத் தனி நாற்காலி, தனித் தட்டு, சுற்றிலும் காலி இடம். ஊரிலுள்ள விருந்தையெல்லாம் பார்த்தவர், ஒரு விருந்திலும் சிரித்ததில்லை. மனைவி துர்சுனாய் இறந்த அன்று தெரு சனம் அவர் வீட்டுக்குள் வந்தது. அதற்கப்புறம் அந்தக் கதவை மீட்டர் பார்க்கிறவன்தான் தட்டினான். ஒரே மகன் எல்யோர் கொரியாவில் தொழிற்சாலையில் இருக்கிறான். பெருநாளைக்குப் போன் பண்ணுவான், மறக்காவிட்டால்.

ஒரே ஒரு நாள் காலையில் நாலு பேர் நம் முற்றத்தில் உட்கார்ந்து டீ குடிக்க வேண்டும். வாத்தியாரின் ஆசை இவ்வளவுதான். வாங்க என்று கூப்பிட வாய் வரவில்லை. கூப்பிட்டு யாரும் வராமல் போனால்? அதனால்தான் யோசித்து யோசித்து இந்தத் திட்டம். கர்னாய்க்காரர்கள் தவறுதலாக அவர் வாசலில் ஊதுவார்கள். சனம் வரும். "தப்பு நடந்துபோச்சு, வந்தது வந்தீங்க, ஒரு கிண்ணம் டீ குடிச்சிட்டுப் போங்க" என்பார். யாருக்கும் கெடுதலில்லை. ஆனால் விஷயம் வெளியே தெரிந்தால் தொலைந்தார். ஊரையெல்லாம் படாடோபம் என்றவர் தன் வாசலில் தானே ஆள் வைத்து ஊதிக்கொண்டாராம் என்று பேத்திகள் காலம்வரை சிரிப்பார்கள்.

குரல் தெரியக்கூடாது என்று வாயில் இரண்டு உலர்ந்த வாதுமைப் பழத்தை அடக்கிக்கொண்டு ஜுமாவுக்குப் போன் செய்தார். விலாசம் சொன்னார். "யார் கேட்டாலும் விலாசம் குழம்பிடுச்சுன்னு சொல்லிடு" என்றார்.

"கவலைய விடுங்கண்ணே, தடபுடலா ஊதிடுவோம்" என்றான் ஜுமா.

வாத்தியாரால் பொறுக்க முடியவில்லை. "தடபுடல்ங்கறது அடுப்படிக்குத்தாம்பா. கர்னாய்க்கு அது பொருந்தாது. முழக்கம்னு சொல்லு" என்றார், பழத்தை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு.

இதெல்லாம் வியாழக்கிழமை. நேற்று சாயங்காலம் இன்னொரு இடி விழுந்தது. சனோபர் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் பலகையில் கத்திகள் படபடவென்று விழுகிற சத்தம். ஆணும் பெண்ணுமாகச் சிரிப்பு. மர்கிலானில் பிறந்தவனுக்கு அது புரியாதா? புலாவுக்கு முந்தின சாயங்காலம் அக்கம்பக்கம் எல்லாம் கூடிக் கேரட் நறுக்குகிற சத்தம். அப்படியென்றால் காலையில் சனோபர் வீட்டில் விருந்து. தெருவே அங்கே போகும். இவருக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொற்பரிசோதனைக்குக் கூடக் கூப்பிடவில்லை. வாத்தியார் சுவர் ஓரமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கத்திச் சத்தம் ஓய்கிறவரை உட்கார்ந்திருந்தார். ஜுமாவுக்கு இரண்டு தடவை போன் போட்டு ஊத வேண்டாம் என்று சொல்லப் பார்த்தார். அவன் எடுக்கவில்லை.

ஆகவே இப்போது, அவர்கள் ஊதி முடித்து, தானும் கத்தி முடித்தபிறகு, யாரும் வரமாட்டார்கள் என்றே நினைத்தார்.

வந்தார்கள். கச்சை கட்டிய அங்கியும் தொப்பியுமாக முதலில் எர்காஷ், பின்னால் தெருவின் ஆண்பிள்ளைகள் எல்லாரும். அவ்வளவு சீக்கிரம் எப்படி உடுத்திக்கொண்டு வந்தார்கள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"அஸ்ஸலாமு அலைக்கும்! வாழ்த்துகள் வாத்தியாரே!"

"வ அலைக்கும் அஸ்ஸலாம். ஒண்ணுமில்லீங்க, இவங்க வீடு மாறி ஊதிட்டாங்க. சனோபர் வீட்டு விருந்துக்கு வந்திருப்பீங்க. அது அடுத்த கதவு."

"சனோபர் வீட்லயா? அங்க ஒண்ணும் இல்லையே" என்றார் எர்காஷ்.

"இல்லையா?" வாத்தியாருக்கு நெஞ்சு குளிர்ந்தது. பாடம் பண்ணி வைத்த வசனத்தை ஒப்பித்தார். "சரி, வந்தது வந்தீங்க, ஒரு கிண்ணம் டீ குடிச்சிட்டுப் போங்களேன்."

திராட்சைப் பந்தலுக்கு அடியில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். நேற்றே வாங்கி ஒளித்து வைத்திருந்த ரொட்டியை, "வீட்ல ஏதோ கிடந்தது" என்று கொண்டுவந்து வைத்தார். எர்காஷ் ரொட்டியைப் பிட்டார். பச்சைத் தேநீர் கிண்ணம் கிண்ணமாகச் சுற்றியது. திட்டம் பலித்துவிட்டது. இத்தோடு எழுந்து போயிருந்தால் கதையே இல்லை.

எர்காஷ் இரண்டு கையையும் ஏந்தினார். எல்லாரும் ஏந்தினார்கள். "என்னத்துக்காக துஆ கேக்கறது வாத்தியாரே?"

"பொதுவா... எல்லாரும் நல்லாயிருக்கணும்னு..."

"கர்னாய் ஊதின வீட்ல பொதுவா துஆ கேட்டா நல்லாவா இருக்கும்? கை ஏந்தியாச்சு. காரணம் சொல்லுங்க."

ஏந்திய கைகள் அப்படியே காத்திருந்தன. "எல்யோர்... கொரியாவில..." என்று ஆரம்பித்தார் வாத்தியார். அவன் சுகமாக இருக்கட்டும் என்று முடிக்கத்தான் நினைத்தார்.

"எல்யோருக்குக் கல்யாணமா!"

"அட, நம்ம எல்யோருக்கா!"

"சொல்லவே இல்லையே வாத்தியாரே!"

மறுத்திருக்கலாம். ஆனால் மகன் பேரை அத்தனை பேர் ஒரே மூச்சில் சந்தோஷமாகச் சொல்லி அவர் கேட்டு எவ்வளவு காலமாயிற்று! வாய் தானாக, "கிட்டத்தட்ட அப்படித்தான்" என்றது. எல்லாரும் 'ஆமீன்' சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டார்கள்.

பிறகென்ன? கல்யாணம் என்று ஆனபிறகு வெறும் டீயோடு விடுவார்களா? சமையல்காரர் நோர்முரோத் பெரிய இரும்புக் கடாயை உருட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

"டீ போதும் நோர்முரோத்!"

"கல்யாணத்துக்கு டீயா? என் மானத்த வாங்காதீங்க. நகருங்க."

"அப்ப சின்னக் கடாயா வெச்சுக்கலாமே!"

"இதுதான் சின்னது" என்றார் நோர்முரோத். அது உள்ளே ஒரு தொட்டில் போடுகிற அளவு இருந்தது.

சனோபர் பின்வாசல் வழியாக இரண்டு பெண்களோடு வந்தாள். ஒரு அண்டாவில் ஆட்டுக்கறி, ஒரு அண்டாவில் நறுக்கிய கேரட். "அரிசியும் வருது வாத்தியார் அண்ணே. கேரட் எங்க வீட்ல மிச்சம் கிடந்துச்சு."

குதிரை வண்டிக்குப் பிறகு அவள் பேசிய முதல் வாக்கியம் அது. வாத்தியாருக்கு அண்டாவைப் பார்க்கத் தோன்றவில்லை. அண்ணே என்ற சொல்லையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கர்னாய்க்காரர்களை முதலில் அனுப்பிவிட வேண்டும் என்று பட்டது. ஜுமாவின் காதருகே போய், "நீங்க கிளம்புங்கப்பா, உங்க வேலை முடிஞ்சது" என்றார்.

"கல்யாணம்னு இப்பத்தானே தெரிஞ்சுது! நல்லா ஊத வேணாமா?" மூன்று பேரும் மறுபடி கர்னாயைத் தூக்கினார்கள். பின் தெருவுக்கும் அதற்குப் பின் தெருவுக்கும் கேட்டது. அங்கேயிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பந்தலுக்கு அடியில் இடம் போதாமல் வாத்தியாரின் கட்டில் வெளியே வந்தது, மேஜை வந்தது, கடைசியில் வாசல் கதவையே கழற்றிப் பலகையாகப் போட்டார்கள்.

எர்காஷ் ஜுமாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, "ஆமாம், உங்களை யாருப்பா வரச் சொன்னது?" என்று கேட்டார்.

வாத்தியார் நிரம்பியிருந்த கிண்ணத்திலேயே மேலும் டீயை ஊற்றினார்.

"தெரியாதுங்க. போன்ல ஒரு ஆள். வாயில எதையோ போட்டுக்கிட்டுப் பேசினாரு. தடபுடலா ஊதறோம்னு சொன்னேன். அது அடுப்படிக்குத்தான் பொருந்தும், கர்னாய்க்கு முழக்கம்னு சொல்லணும்னாரு."

எல்லாரும் தங்கள் டீயை உற்றுப் பார்த்தார்கள். யாரோ இருமினார்கள்.

"யாரா இருக்கும்?" என்றார் எர்காஷ், முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு.

"வெளியூர்க்காரனா இருப்பான்" என்றார் நோர்முரோத், கடாய்க்குள் குனிந்தபடி.

"வெளியூர்தான்! வெளியூரேதான்!" என்றார் வாத்தியார். பெரிய கண்டம் தப்பியது என்று நினைத்து, கை கழுவுகிற சாக்கில் சரக்கறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இருட்டில் நின்று கேட்டார். நேற்று சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட அதே சிரிப்பு, இன்றைக்கு இந்தப் பக்கம். துர்சுனாய் இருந்தால் உப்புச் சரியா என்று இந்நேரம் நோர்முரோத்தோடு சண்டை பிடித்திருப்பாள். எல்லாரும் சாப்பிட்டுப் போய்விடுவார்கள். கதவைத் திரும்ப மாட்டுவார்கள். அப்புறம் அவர் தனியாக இந்த அண்டாக்களைக் கழுவுவார். அழுகை வந்தது. அழுது முடித்து, முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தார்.

புலாவ் வெந்து தட்டுத் தட்டாக வந்தது. சனோபர் முதல் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு, "பொண்ணு யாரு அண்ணே?" என்று ஆரம்பித்தாள்.

"பொண்ணா... கொரியாப் பொண்ணு."

"பேரு?"

வாத்தியாருக்குத் தெரிந்த கொரியாப் பெயர் ஒன்றே ஒன்றுதான். "கிம்" என்றார்.

"அது சரி, அங்க பாதிப் பேரு கிம்தான். சொந்தப் பேரு?"

"அத... இனிமேதான் கேக்கணும்."

"கல்யாணம் வரைக்கும் வந்தாச்சு, பேரு தெரியலையா? இருங்க, எல்யோர்கிட்டயே கேப்போம். எல்லாரும் வாழ்த்துச் சொன்ன மாதிரியும் ஆச்சு" என்று அவள் போனை எடுத்தாள்.

"வேணாம் தங்கச்சி, தூங்கிட்டிருப்பான்!"

"கொரியாவில இப்ப மத்தியானம் அண்ணே."

மணி அடித்தது. எல்லாரும் கேட்கட்டும் என்று போனை ரொட்டிகளுக்கு நடுவில் வைத்தாள். அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. கை தட்டில் இருந்தவர்கள் எடுக்கவில்லை, வாயில் கவளம் இருந்தவர்கள் மெல்லவில்லை. தானாகவே நின்றது.

"ஷிப்ட்ல இருப்பான்" என்றார் வாத்தியார்.

"ஞாயித்துக்கிழமைகூடவா?" என்று பின் தெருக்காரர் ஒருவர் விவரம் தெரியாமல் கேட்டுவிட்டார். சனோபர் அவரை ஒரு முறை முறைத்தாள்.

"ஞாயித்துக்கிழமையும் எடுக்கமாட்டான், திங்கக்கிழமையும் எடுக்கமாட்டான்" என்றார் வாத்தியார். போனைச் சனோபர் பக்கம் தள்ளிவைத்தார். "கல்யாணமும் இல்ல, கிம்மும் இல்ல. ஒரு காரணமும் இல்ல. ஜுமாவுக்குப் போன் பண்ணினது நான்தான். வாதுமைப் பழத்த வாயில வெச்சுக்கிட்டு நான்தான் பேசினேன். யாராவது வருவீங்களான்னு பாக்கணும்னு இருந்துச்சு. என்னை மன்னிச்சிடுங்க."

எர்காஷ் கையைத் துடைத்துக்கொண்டு, தேநீர்க்கடையில் கேட்பது போலவே கேட்டார்.

"அப்ப, என்ன சொல் வாத்தியாரே?"

வாத்தியார் முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார். கட்டிலில் உட்கார்ந்திருந்த சனத்தை, கழற்றிப் போட்ட கதவை, மல்பெரி மரத்தில் சாய்த்து வைத்திருந்த கர்னாய்களைப் பார்த்தார். பொய்யாக ஒரு நல்ல சொல் சொல்ல அவருக்குத் தெரியாது.

"படாடோபம்" என்றார். "இல்லாததை இருக்கறதா காட்டினா அதுக்கு அந்தச் சொல்தான். வேற சொல் கிடையாது. நீங்க எல்லாரும் போகலாம்."

யாரும் எழுந்திருக்கவில்லை. கடாயைச் சுரண்டிக்கொண்டிருந்த நோர்முரோத்துக்குத்தான் கோபம் வந்தது. கரண்டியை டங்கென்று விளிம்பில் தட்டினார்.

"என்ன வாத்தியாரே இல்லாதது? மூணு தெருவுக்கான கேரட்ட ஒரே காலையில நறுக்க முடியுமா? வியாழக்கிழமை ஜுமா வந்து, முழக்கம்னு திருத்தின ஆளைப் பத்திச் சொன்னதிலேர்ந்து தெருவே கூடிப் பேசி, நேத்து சாயங்காலம் சனோபர் வீட்ல உக்காந்து நறுக்கினது உங்க வீட்டு விசேஷத்துக்குத்தான். உங்களுக்குத் தெரியாம நறுக்கற கேரட்டுக்கு உங்களையே எப்படி வந்து கூப்பிடறது?"